டிராகனுக்கு எத்தனை நகம்?

ஒரு சின்னக் கணக்கு. பேனா, பேப்பர் வேண்டாம். மனக்கணக்கே போதும்.

ஒரு பட்டுத் துணி. பத்தடிக்கு மேல் உயரம், ஏழடி அகலம். ரக்தயமாரி என்கிற பௌத்த தெய்வத்தை அதில் ஊசியும் நூலும் வைத்தே ஓவியம்போலத் தைத்திருக்கிறார்கள். சீனாவை மிங் வம்சத்து யோங்லெ சக்கரவர்த்தி ஆண்ட காலம். அதாவது 15-ம் நூற்றாண்டின் தொடக்கம். இந்தத் துணி 2002-ல் ஹாங்காங்கில் கிறிஸ்டீஸ் நடத்திய ஏலத்தில் சுமார் 3 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. 2014 நவம்பரில் அதே ஊரில், அதே கம்பெனி மறுபடியும் ஏலம் விட்டது. இந்தத் தடவை 34.8 கோடி ஹாங்காங் டாலர். அன்றைய நிலவரப்படி நம்ம காசுக்கு 275 கோடி ரூபாய்க்கு மேல்! வாங்கியவர் ஷாங்காயைச் சேர்ந்த லியு யிசியென். ஒரு காலத்தில் டாக்ஸி ஓட்டியவர், பிற்பாடு பங்குச் சந்தையில் கோடீஸ்வரர் ஆனவர்.

12 வருஷம். 11 மடங்கு. இந்த 12 வருஷத்தில் அந்தத் துணியில் புதிதாக எத்தனை தையல் போட்டார்கள்?

ஒன்றுகூட இல்லை.

நான் படித்தது பி.காம். 'டிமாண்ட் அண்ட் சப்ளை' எனக்கும் தெரியும். இருப்பது ஒன்றே ஒன்று, கேட்பவர்கள் இரண்டு பேர் என்றால் விலை எகிறத்தான் செய்யும். லியு யிசியென் தன் காசைக் கொடுத்தார், அருமையான ஒரு பொருளை வாங்கினார். அவரோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. நான் சண்டைக்கு நிற்பது வேறு ஆட்களோடு.

உலகமெங்கும் பழைய சீன எம்பிராய்டரித் துணிகள் பல்லாயிரக்கணக்கில் கைமாறுகின்றன. அரசவை அங்கிகள், அதிகாரிகளின் பதவிச் சின்னங்கள், பெண்களின் சட்டைக் கைப்பட்டைகள், திரைச்சீலைகள். லண்டன், பாரிஸ், நியூயார்க் என்று எங்கே போனாலும் ஒருவர் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிக்கொண்டு, "ம்ம்ம்... இது அரண்மனைச் சரக்கு" என்பார். 'மதிப்பீட்டாளர்' என்று பெயர். அவர் சொல்லும் தொகைதான் இன்ஷூரன்ஸுக்கு, வரிக்கு, வாரிசுச் சண்டைக்கு எல்லாம் அடிப்படை. அவர்களில் நேர்மையானவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் பெரும்பாலும் விலை போடப்படுவது துணிக்கா, துணியைப் பற்றிய கதைக்கா? கதைக்குத்தான் என்கிறேன் நான்.

மூன்று கதைகளை மட்டும் பார்ப்போம்.

முதல் கதை, நகக் கதை. "டிராகனின் காலில் எத்தனை நகம் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து இருந்தால் சக்கரவர்த்தி போட்டுக்கொண்டது." கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா? யார் வேண்டுமானாலும் எண்ணலாம். ஐந்து என்றதும் விலையில் ஒரு பூஜ்யம் கூடும்.

இந்தக் கதையில் பாதி நிஜம். சிங் வம்சத்து சியென்லுங் சக்கரவர்த்தி காலத்தில், 1759-ல், ஆடை விதிகளைப் படம் போட்டுத் தொகுத்தார்கள். யார் எந்த நிறம் உடுத்தலாம், யாருக்கு எந்த டிராகன் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. பளீர் மஞ்சள் சக்கரவர்த்திக்கும் மகாராணி மாதிரி உச்சத்தில் இருந்த சிலருக்கும் மட்டுமே. ஐந்து நக டிராகன் துணியைச் சக்கரவர்த்தியே ஒரு சின்ன அதிகாரிக்குப் பரிசாகக் கொடுத்தாலும், அவர் அதில் ஒரு நகத்தின் தையலைப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் உடுத்த வேண்டும். அவ்வளவு கறார்.

மீதிப் பாதியைத்தான் கடைக்காரர் சொல்ல மாட்டார். 19-ம் நூற்றாண்டில் இந்தக் கறார் காற்றில் பறந்துவிட்டது. பதவியில் இருந்தவன் எல்லாம் ஐந்து நக டிராகனோடு உலவினான். இது போக, சீன நாடகக் கம்பெனிகளின் ராஜா வேஷத்து உடுப்புகளிலும் டிராகன் உண்டு. மேடையில் ராஜாவாக நடித்தவரின் உடை, ஏலக் கடையில் நிஜ ராஜாவின் உடையாகிவிடுகிறது. நகம் எண்ணத் தெரிந்தால் மதிப்பீட்டாளர் என்றால், ஒன்றாம் வகுப்புப் பையனுக்கே சர்ட்டிஃபிகேட் கொடுத்துவிடலாமே!

இரண்டாவது கதை இன்னும் மோசம். சீனத் தையலில் ஒரு வகை உண்டு. ஊசியில் நூலைச் சுற்றி, துணியின் மேல் கடுகு மாதிரி குட்டிக் குட்டி முடிச்சாகப் போட்டு நிரப்புவார்கள். சீனர்கள் இதற்கு வைத்த பெயருக்கு 'விதை போடுவது' என்பதுபோல அர்த்தம். மேலைநாட்டு வியாபாரிகள் இதற்கு 'தடைசெய்யப்பட்ட தையல்' என்று புதுப்பெயர் சூட்டினார்கள். ஏன் தடை? இந்த முடிச்சுகளைப் போட்டுப் போட்டுப் பெண்களுக்குக் கண்பார்வையே போய்விட்டதாம். மனமிரங்கிய சக்கரவர்த்தி, "இனி யாரும் இதைத் தைக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டாராம்.

அப்படி ஓர் உத்தரவுக்கு ஆதாரம் கிடையாது. கடைசிவரை தைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதித் துணிகளிலேயே இந்த முடிச்சு ஏராளம். கடை போட்டவன் கட்டிய கதை இது.

எனக்கு ஆத்திரம் வருவது கதை பொய் என்பதால் மட்டுமில்லை. ஒரு நிமிஷம் நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். அகல்விளக்கு வெளிச்சத்தில் ஒரு பெண் ஊசி குத்திக் குத்திக் கண்ணை இழந்திருக்கிறாள். அந்தக் கண்ணுக்கு இன்றைக்கு 'ரேர்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, விலையில் கூட்டிக்கொள்கிறார்கள். லாபம் யாருக்கு? அவளுக்கா, அவள் பேத்திக்கா? ஒருத்தியின் வேதனையை விற்பனை உத்தியாக மாற்றுகிற புத்தியை என்னவென்று சொல்வது!

மூன்றாவது கதைதான் உச்சம். அதில் பொய்யே இல்லை. அதுதான் பயங்கரம்.

1860 அக்டோபர். பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங் அருகே இருந்த யுவான்மிங்யுவான் அரண்மனைக்குள் புகுந்தன. கோடை அரண்மனை என்பார்கள். கையில் கிடைத்ததை எல்லாம் அள்ளினார்கள். பட்டும் அதில் அடக்கம். அள்ளியதை பிரிட்டிஷ் படை பெய்ஜிங்கிலேயே ஏலம் போட்டுச் சிப்பாய்களுக்குப் பங்கு பிரித்தது. அப்புறம் லார்டு எல்ஜின் உத்தரவின் பேரில் அரண்மனையையே கொளுத்தினார்கள். அந்தப் படையெடுப்பில் நம் ஊர் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் போயிருந்தது என்பது நம் சரித்திரப் பாடத்தில் யாரும் சொல்லாத விஷயம்.

அரண்மனையில் அகப்பட்ட ஒரு குட்டி நாயை 1861-ல் விக்டோரியா ராணிக்குக் கொண்டுபோய்ப் பரிசளித்தார்கள். அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'லூட்டி'. நம்ம ஊரில் பசங்க லூட்டி அடிப்பார்களே, அந்த லூட்டி இல்லை. 'கொள்ளை' என்கிற இந்தி வார்த்தை ஆங்கிலத்துக்குப் போய் 'லூட்' ஆனது. கொள்ளையில் வந்த நாய் என்பதால் 'லூட்டி'. வெட்கம் என்ற சரக்கே கைவசம் இல்லாதவர்கள்தான் இப்படிப் பெயர் வைப்பார்கள்.

இப்போது விஷயத்துக்கு வாருங்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் லண்டனிலும் பாரிஸிலும் ஏலத்துக்கு வந்த சரக்குகளின் மேல், 'சீனச் சக்கரவர்த்தியின் கோடை அரண்மனையிலிருந்து வந்தது' என்று பெருமையாகவே எழுதி வைத்தார்கள். அந்த ஒரு வரிக்குத் தனி கிராக்கி! நம் பக்கத்தில் திருட்டு நகை என்று தெரிந்தால் அடகுக் கடைக்காரர்கூடக் கையை எடுத்துவிடுவார், போலீஸ் பயம். அங்கே திருட்டுக்கான சாட்சியமே தரச் சான்றிதழாகிவிட்டது. வியாபார பாஷையில் இதற்கு 'புரோவனன்ஸ்' என்று நாகரிகமான பெயர். பூர்விகம். பொருள் யார் யார் கை மாறி வந்தது என்கிற வரலாறு. நல்ல வார்த்தைதான். முதல் கை எப்படி வாங்கியது என்ற கேள்வி மட்டும் அதில் கிடையாது.

"160 வருஷக் கதை, இப்ப எதுக்கு சார்?" என்பீர்கள். 2009-ல் பாரிஸ் ஏலத்துக்கு அதே அரண்மனையின் வெண்கல எலித் தலையும் முயல் தலையும் வந்தன. சீனர் ஒருவர் போனில் ஏலம் கேட்டு எடுத்துவிட்டு, "காசு தர முடியாது, அது எங்கள் நாட்டுப் பொருள்" என்று அறிவித்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. 2013-ல் அந்த இரண்டு தலைகளும் சீனாவுக்குத் திரும்பிப் போயின. வெண்கலத்துக்குக் கேட்க ஆள் இருந்தது. பட்டுக்கு யார் கேட்பார்கள்? பட்டை மடித்துப் பெட்டியில் போடலாம். வெட்டலாம். அடையாளமே தெரியாமல் ஆக்கலாம்.

ஆமாம், வெட்டலாம். கதை போதும், இனி கத்தரிக்கோல்.

சீன அதிகாரிகள் மேலங்கியின் நெஞ்சிலும் முதுகிலும் சதுரமாக ஒரு பதவிச் சின்னம் அணிவார்கள். மிங் வம்சத்தில் 1391-ல் வந்த விதி. சிவில் அதிகாரி என்றால் பறவை, ராணுவம் என்றால் மிருகம். முதல் நிலை சிவில் அதிகாரிக்குக் கொக்கு, மூன்றாம் நிலைக்கு மயில், எட்டாம் நிலைக்குக் காடை. அங்கி முன்பக்கம் திறப்பதால் நெஞ்சுச் சதுரம் நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும். முதுகுச் சதுரம் முழுசு. அரசாங்கம் இதைக் கொடுக்காது, அவரவர் காசில் தைத்துக்கொள்ள வேண்டும். கடைசிக் காலத்தில் சிலர் பறவையை மட்டும் தனியாகத் தைத்து ஒட்டவைத்தார்கள். புரொமோஷன் வந்தால் பறவையை மாற்றிக்கொள்ளலாமே! வியாபாரிகள் இந்தச் சதுரத்தை 'மாண்டரின் ஸ்கொயர்' என்பார்கள். மாண்டரின் என்ற சொல்லின் வேரைத் தோண்டினால் நம்ம 'மந்திரி' வந்து நிற்பார்.

1912-ல் சிங் வம்சம் முடிந்தது. சின்னங்களுக்கும் வேலை போயிற்று. அங்கிகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. மேற்கே கொண்டுபோய் என்ன செய்தார்கள்? சதுரத்தை அறுத்துக் கைப்பை தைத்தார்கள், தலையணை உறை போட்டார்கள். பெண்கள் சட்டையின் கைப்பட்டையைப் பிரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். நெஞ்சு ஒரு ஊரில், முதுகு ஒரு ஊரில். பழைய பட்டுப்புடவை வாங்க வருகிறவர் ஜரிகையை மட்டும் உரசிப் பார்ப்பாரே, அந்தப் பார்வைதான் இதுவும்.

ஏன் வெட்டினார்கள்? முழு அங்கியை வாங்க ஒரு பணக்காரர் வர வேண்டும். துண்டு போட்டால் பத்து பேர் வாங்குவார்கள். பி.காம். முதல் வருஷப் பையனுக்கே புரிகிற லாஜிக். ஒரு பழம்பொருளை அழிக்கிறவனுக்கு லாபமும் காப்பாற்றுகிறவனுக்கு நஷ்டமும் கொடுக்கிற மதிப்பீட்டு முறை எதற்கு? பிரிந்த ஜோடி கிடைத்தாலும் சட்டத்துக்குள் இருப்பது 'அழகான அலங்காரப் பொருள்' என்று ஒரு வரி எழுதி, ஒரு தொகையைப் போட்டு, கையெழுத்துப் போடுகிறார்கள். எதிலிருந்து அறுத்தது என்று எழுத ஒரு வரி கூடவா பிடிக்கும்?

சரி, மதிப்பீட்டாளர் யார் பக்கம்? இங்கேதான் என் படிப்பு கொஞ்சம் உதவுகிறது.

ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்கிற ஆடிட்டர் அந்தக் கம்பெனியின் பங்கை வைத்திருக்கக் கூடாது. ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. பழம்பொருள் உலகத்தில் பாருங்கள். மதிப்புச் சொல்கிறவரே பல நேரம் வாங்குகிறவர், அல்லது விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுப்பவர். ஏலக் கம்பெனி விற்பவரிடம் கமிஷன் வாங்கும், வாங்குபவரிடம் பிரீமியம் வாங்கும். எஸ்டிமேட் போடுவதும் அதே கம்பெனிதான். கல்யாணத் தரகரையே பொண்ணு பார்த்துச் சர்ட்டிஃபிகேட் கொடுக்கச் சொன்னால் எப்படி?

இன்னொன்று. ஒரே துணிக்கு மூன்று விலை உண்டு. இன்ஷூரன்ஸுக்கு ஒரு தொகை: தொலைந்தால் கடையில் இன்னொன்று வாங்க ஆகும் செலவு. வாரிசு வரிக்கு ஒரு தொகை: அவசரமில்லாமல் விற்றால் சந்தையில் கிடைப்பது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது விற்றால் கிடைப்பது மூன்றாவது. மூன்றும் நியாயமான கணக்குதான். முதலாவதைக் காட்டி விற்பார்கள், மூன்றாவதைக் காட்டி வாங்குவார்கள். பாட்டி விட்டுப்போன பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவருக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை. அமெரிக்க வருமான வரித் துறை இதில் உஷார். நன்கொடை கொடுத்து வரிச் சலுகை கேட்கிறீர்களா? அதற்கான மதிப்பீட்டாளரின் கட்டணம், அவர் போட்ட தொகையில் இத்தனை சதவீதம் என்று இருக்கக் கூடாது. இருந்தால் செல்லாது. வரிக்காரனுக்கு இருக்கும் புத்தி வாங்குகிறவனுக்கு வேண்டாமா?

"அப்ப எப்படித்தான் மதிப்புப் போடுறது?" நியாயமான கேள்வி. கதையை நிறுத்திவிட்டுத் துணியைக் கேளுங்கள். அது பேசும்.

முதலில் திருப்பிப் போடுங்கள். முன்பக்கம் வெளிச்சம் பட்டு வெளுத்திருக்கும். பின்பக்கம் நிறம் பத்திரமாக இருக்கும். டீத்தண்ணியில் முக்கி 'பழசாக்கிய' துணியில் இரண்டு பக்கமும் ஒரே அழுக்காக இருக்கும். அடுத்து நிறம். செயற்கைச் சாயத்தை இங்கிலாந்தில் 18 வயதுப் பையன் வில்லியம் பெர்க்கின் கண்டுபிடித்தது 1856-ல். அந்தக் கண்ணைக் குத்தும் ஊதாவும் ரோஸும் சீனாவுக்கு வந்து சேர்ந்தது அதற்கும் பின்னால்தான். 1796-ல் பதவி விலகிய சியென்லுங் காலத்துத் துணி என்று சொல்லிவிட்டு, அதில் அந்த ஊதா நூல் ஓடினால், விற்பவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

தங்க நூலைப் பாருங்கள். காகிதத்தில் தங்க ரேக்கை ஒட்டி, மெல்லிய பட்டையாக வெட்டி, பட்டு இழையின் மேல் சுற்றியிருப்பார்கள். ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுத்தால் ரேக்கு உரிந்துவிடும். அதனால் துணியின் மேல் கிடத்தி, வேறொரு மெல்லிய நூலால் கட்டிக் கட்டிப் போவார்கள். கறுப்பு நூலைத் தேடுங்கள். பல பழைய துணிகளில் கறுப்பும் கரும்பழுப்பும் மட்டும் உதிர்ந்து போயிருக்கும். சாயத்தில் கலந்த இரும்பு பட்டை அரித்துவிடும். அதை 'டேமேஜ்' என்று கழிக்கிறவர், அதே டேமேஜ்தான் வயசுக்கு ஒரு சாட்சி என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கடைசியாக வேலை. சூச்சோ நகரத்துக் கைகள் ஒரு பட்டு இழையைப் பதினாறாகப் பிரித்துத் தைக்கும். அந்த நுணுக்கத்தைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும், அதைவிடப் பொறுமை வேண்டும். நகம் எண்ணுவது சுலபம், இழை எண்ணுவது கஷ்டம். அதனால்தான் எல்லோரும் நகத்தை எண்ணுகிறார்கள்!

இந்த வியாபாரத்தில் ராஜா பெயர் இருக்கிறது, கொள்ளையடித்த கேப்டன் பெயர்கூட இருக்கிறது. தைத்தவர் பெயர்? தேடிப் பார்த்தால் விரல் விட்டு எண்ணலாம். சூச்சோக்காரரான ஷென் ஷோ அவர்களில் ஒருவர். 1904-ல் மகாராணி சூசியின் 70-வது பிறந்தநாளுக்கு எம்பிராய்டரி அனுப்பினார். மகாராணி மகிழ்ந்துபோய்க் கொடுத்த 'ஷோ' என்ற எழுத்தே அவர் பெயரானது. 1911-ல் இத்தாலியின் டூரின் கண்காட்சியில், இத்தாலி ராணி எலெனாவின் முகத்தை ஊசியால் வரைந்து பரிசு வாங்கினார். பிற்பாடு நோயில் படுத்தபோது, தனக்குத் தெரிந்த தையல் கலை முழுவதையும் வாயால் சொல்ல, ஜாங் ஜியென் என்பவர் எழுதிப் புத்தகமாக்கினார். 1921-ல், ஐம்பதுகூட ஆகாமல் போய்ச் சேர்ந்தார். மகாராணி கண்ணில் பட்டதால் இவருக்கு ஒரு பெயர் மிஞ்சியது. பக்கத்து வீட்டில், பக்கத்துத் தெருவில் அதே மாதிரி குனிந்து தைத்தவர்கள் எல்லாம் ஏலப் புத்தகத்தில் 'சீனா, 19-ம் நூற்றாண்டு' ஆகிவிட்டார்கள்.

அவர்கள் பெயரை இனிக் கண்டுபிடிக்க முடியாது. அதை நான் கேட்கவில்லை. நான் கேட்பது மூன்றே மூன்று. மதிப்புப் போடுகிறவர் அதே பொருளை வாங்கவோ விற்கவோ கூடாது. எந்தக் காரியத்துக்கான விலை என்று சான்றிதழின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். அப்புறம் ஒரு கட்டம்: இது எதிலிருந்து அறுக்கப்பட்டது, யார் கையிலிருந்து எப்படி வந்தது? தெரியாவிட்டால் 'தெரியாது' என்று எழுதட்டும். அந்த ஒரு வார்த்தைக்கே பாதிப் பேர் ஆடிப்போவார்கள்.

என்றைக்காவது ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கடையில், யாராவது உங்கள் முன்னால் பழைய சீனப் பட்டை விரித்து, "அஞ்சு நகம் சார், எண்ணிப் பாருங்க" என்றால், எண்ணாதீர்கள். "கொஞ்சம் திருப்பிப் போடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.

அப்புறம் அவர் முகத்தைப் பாருங்கள்.